மைகார்டில் இருக்கிறது அரிசி: வாசகர் கேள்வி பதில்

மைகார்டில், அதாவது அடையாள அட்டையில், அடிப்படைப் பொருள் வாங்க அரசு ஏற்றித் தரும் சாரா முதல் கிளினிக் பால்மாவு வரை, மலேசியாவில் கிடைக்கும் உணவு உதவி பற்றி வந்த கடிதங்களை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகளும், கல்யாணமாகி ஓரிரு வருடமே ஆன தம்பதிகளும் எழுதியவை. பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

வயது 19. டிப்ளோமா படிக்கிறேன். எல்லாருக்கும் 100 வெள்ளி (ரிங்கிட்) சாரா உதவி என்றார்களே, அதற்கு எங்கே பதிய வேண்டும்? வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் வந்தது. என் தோழி எடுத்த சாமான்களில் பாதியைக் கடை மெஷின் ஏற்கவில்லை. அப்பாவுக்கு மட்டும் மாதாமாதம் வருகிறதே, அது எப்படி?
– மாணவி, செதாப்பாக்

முதலில் அந்த லிங்கை அழித்துவிடுங்கள், தங்கையே. எல்லாருக்கும் தரப்படும் 100 ரிங்கிட்டுக்கு விண்ணப்பமே கிடையாது. வங்கி எண்ணையோ கடவுச்சொல்லையோ கேட்கும் எதுவும் மோசடிதான்.

பிரதமர் அன்வார் 2025 ஜூலை 23இல் அறிவித்த உதவி அது. 18 வயது நிரம்பிய மலேசியக் குடிமக்கள் எல்லாருடைய மைகார்டிலும் 100 ரிங்கிட் தானாகவே சேர்ந்தது. 2025 ஆகஸ்ட் 31 முதல் டிசம்பர் 31 வரை செலவழிக்கலாம் என்று தவணை வைத்தார்கள். சீனப் புத்தாண்டையும் நோன்பு மாதத்தையும் ஒட்டி 2026 பிப்ரவரியில் இன்னொரு 100 ரிங்கிட் என்று அடுத்த பட்ஜெட்டில் சொன்னார்கள். பெற்றோரின் வருமானம், படிக்கிறீர்களா வேலை செய்கிறீர்களா என்பதெல்லாம் இதற்குக் கணக்கில்லை. தவணை தாண்டினால் மீதி கைக்கு வராது. எப்போது அறிவித்தாலும் கடைசித் தேதியை முதலில் குறித்து வையுங்கள்.

உங்கள் அப்பாவுக்கு வருவது வேறு. அது எஸ்.டி.ஆர். எனும் ரஹ்மா ரொக்க உதவியோடு சேர்ந்த மாதாந்திர சாரா. 2025 ஏப்ரலிலிருந்து, அரசின் ஏழைக் குடும்பப் பதிவேடான இ-காசேயில் பதிவானவர்களுக்கு மாதம் 200 ரிங்கிட், எஸ்.டி.ஆர். பெறும் மற்றக் குடும்பங்களுக்கு மாதம் 100 ரிங்கிட் என்று விரிவாக்கினார்கள். அப்பா பெறுகிறார் என்பதால் உங்கள் 100 குறையாது, நீங்கள் வாங்கிவிட்டீர்கள் என்பதால் அவருடையதும் நிற்காது.

இனி மெஷின் ஏன் மறுத்தது என்பதற்கு வருவோம். சாராவில் வகைகள் உண்டு. அரிசி, முட்டை, ரொட்டி, சமையல் எண்ணெய், மாவு, பிஸ்கட், மீ எனும் நூடுல்ஸ், டின் உணவு, மசாலைப் பொருள், பானம், சோப்பு பற்பசை, மருந்து, பள்ளிப் பொருள், வீடு துடைக்கும் சாமான் என்று 2025 ஆகஸ்டில் 14 வகைகள் இருந்தன. ஆனால் மெஷினுக்கு வகை தெரியாது. அதற்குத் தெரிந்தது பார்கோடு மட்டும். ஒரே கம்பெனியின் 300 கிராம் பிஸ்கட் பதிவாகியிருக்கும், புதிதாக வந்த பெரிய பாக்கெட் பதிவாகியிருக்காது. அப்போது ஒன்று போகும், மற்றது நிற்கும். கடைக்காரரே நிறுத்துக் கட்டிய பருப்பு, வெங்காயம், நெத்திலி போன்றவை பதிவான பார்கோடு இல்லாததால் பெரும்பாலும் நின்றுவிடும். கேஷியரிடம் கோபித்துப் பயனில்லை. மறுத்ததை ஒதுக்கி வைத்துவிட்டு, அதே பொருளில் வேறு அளவையோ வேறு பிராண்டையோ எடுத்துப் பாருங்கள். மொத்தம் 100ஐத் தாண்டினால் மீதியைக் கைக்காசில் கட்டலாம்.

இன்னும் மூன்று விஷயம். கடைக்குப் போகுமுன், சாராவை நடத்தும் மைகாசே அமைப்பின் இணையப்பக்கத்தில் அடையாள அட்டை எண்ணைப் போட்டு மீதியைப் பாருங்கள். அட்டையையே கையில் கொண்டுபோங்கள், போனில் எடுத்த படம் உதவாது. அட்டையின் சில்லு தேய்ந்திருந்தால் ஒரு கடையில் படிக்கும், இன்னொரு கடையில் படிக்காது. இரண்டு மூன்று கடைகளில் மறுத்தால் கோளாறு அட்டையில்தான், தேசியப் பதிவிலாகாவுக்குப் போய் மாற்றுங்கள். பணம் விழுந்த முதல் நாளே ஓடவும் வேண்டாம். 2025 ஆகஸ்ட் 31 அன்று நாடு முழுக்க ஒரே நேரத்தில் கூட்டம் கூடி, முறை திணறிப் பலர் சாமானைக் கவுண்டரிலேயே விட்டுவிட்டுத் திரும்பினார்கள். ஒரு வாரம் கழித்து வாரநாள் காலையில் போனால் ஐந்து நிமிட வேலை.

நாங்கள் நான்கு பேர் சேர்ந்து வாடகை வீட்டில் தங்கிப் படிக்கிறோம். அடுப்பு இருக்கிறது, ஐஸ்பெட்டி சின்னது. நான்கு பேரின் 100 ரிங்கிட்டையும் வைத்து எப்படி வாங்கினால் ஒரு மாதம் இராச்சாப்பாடு தாங்கும்? போன முறை நான்கு பேருமே மெகி வாங்கி வந்துவிட்டோம்.
– மாணவர், குளுகோர், பினாங்கு

மாதம் முழுவதும் மெகியிலேயே போய்விடக்கூடாது, தம்பி. ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராம் சோடியத்துக்கு மேல் வேண்டாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ஒரு பாக்கெட் மீயை மசாலையோடு சாப்பிட்டால் அதில் பாதிக்குக் கிட்ட முடிந்துவிடும். புரதமும் அதில் மிகக் குறைவு. அவசரத்துக்கு ஐந்தாறு பாக்கெட் இருக்கட்டும், மசாலையில் பாதியை மட்டும் போடுங்கள்.

சமைக்காத அரிசி ஒருவருக்கு ஒரு வேளைக்கு 100 கிராம் என்று வையுங்கள். நான்கு பேருக்கு 30 இரவுக்கு 12 கிலோ. பகலில் வகுப்பில்லாத நாட்களையும் சேர்த்தால் 15 கிலோ. உள்ளூர் வெள்ளை அரிசியின் கட்டுப்பாட்டு விலை கிலோ 2 ரிங்கிட் 60 சென், 10 கிலோ மூட்டை 26 ரிங்கிட். அது கிடைத்தால் அரிசிக்கு 40 ரிங்கிட்டுக்குள் முடியும். சில கடைகளில் வெள்ளை அரிசி இருக்கவே இருக்காது, வாசனை அரிசியும் இறக்குமதி அரிசியும்தான் அடுக்கியிருக்கும். 2023 செப்டம்பரில், அரிசி இறக்குமதி செய்யும் பெர்னாஸ் நிறுவனம் இறக்குமதி அரிசியை டன் 2,350இலிருந்து 3,200 ரிங்கிட்டுக்கு ஏற்றியதும் எல்லாரும் உள்ளூர் அரிசிக்குப் பாய்ந்தார்கள். அன்றிலிருந்து அது வருவதும் தெரியாது, தீர்வதும் தெரியாது. கடையில் மூட்டை இறங்கும் நாளைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய்க்குப் பாட்டில் வேண்டாம். அரசு மானியம் பெறும் 1 கிலோ பொட்டலம் 2 ரிங்கிட் 50 சென்தான். ஒருவருக்கு நாளைக்கு ஒரு மேசைக்கரண்டி என்றால் நான்கு பேருக்கு மாதத்துக்கு இரண்டு பொட்டலம் போதும். பருப்பு ஒருவருக்கு 40 கிராம் வீதம், வாரம் ஐந்து நாள் வைத்தால் மாதம் 3 கிலோவுக்குச் சற்று மேல். பார்கோடுள்ள பாக்கெட் பருப்பாக எடுங்கள். முட்டை 30 அடங்கிய தட்டு மூன்று. முட்டைக்கு 2025 ஆகஸ்ட் 1 முதல் மானியமும் இல்லை, விலைக் கட்டுப்பாடும் இல்லை. அதனால் கடைக்குக் கடை விலை மாறும். பக்கத்தில் இரண்டு கடை இருந்தால் முட்டை விலையை மட்டுமாவது ஒப்பிடுங்கள். மூன்று தட்டையும் ஒரே நாளில் வாங்காமல் பத்து நாளைக்கு ஒன்றாக வாங்கினால் சின்ன ஐஸ்பெட்டிக்கும் இடைஞ்சல் இல்லை.

டின் சார்டினில் நான்கு பேருக்கு 425 கிராம் டின் சரி. ஒருவருக்கு மட்டும் என்றால் 155 கிராம். திறந்த டின்னை அப்படியே வைக்காதீர்கள், மீதி இருந்தால் வேறு பாத்திரத்துக்கு மாற்றி ஐஸ்பெட்டியில் வைத்து மறுநாளே முடியுங்கள். மாதத்துக்கு எட்டு டின் என்றால் வாரம் இரண்டு நாள் மீன் குழம்பு. மஞ்சள், மிளகாய்த்தூள், கறித்தூள், உப்பு இவற்றுக்கு ஓர் அட்டையில் ஒதுக்குங்கள். காலைக்கு ஓட்ஸும் பால்மாவும்.

காய்கறியையும் பச்சை மீனையும் சாரா அட்டையில் எதிர்பார்க்காதீர்கள். உலர்ந்ததும் பாக்கெட்டில் அடைத்ததும் அட்டையில், பச்சையானது கைக்காசில். அரிசிக்கும் எண்ணெய்க்கும் வெளியே போகவிருந்த காசு கையில் நிற்குமல்லவா, அதைக் கொண்டு சந்தையில் கீரை, கோபிஸ், கெம்போங் மீன் வாங்குங்கள்.

கவுண்டருக்குப் போகுமுன்பே நான்கு கூடையாகப் பிரித்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றும் 95 ரிங்கிட்டுக்குள். ஓர் அட்டைக்கு ஒரு ரசீது. எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கொட்டி, பிறகு இதில் கழி அதில் கழி என்றால் பின்னால் நிற்பவர்களும் தவிப்பார்கள், கணக்கும் குழம்பும். நான்கு அட்டையையும் ஒரே வாரத்தில் கரைக்கவும் வேண்டாம். இரண்டு அட்டை மாத ஆரம்பத்தில், மற்ற இரண்டு பதினைந்து நாள் கழித்து.

ஒரு கடையில் 100 ரிங்கிட் சாராவுக்கு 80 ரிங்கிட் ரொக்கம் தருகிறேன் என்கிறார்கள். எனக்கு வாடகைக்குக் காசு தேவை. செய்யலாமா?
– வாசகர், செராஸ்

வேண்டாம். இந்தப் பணம் பொருளாக மட்டுமே வெளியேற வேண்டியது. ரொக்கமாக மாற்றுவது விதிமீறல், பிடிபட்டால் கடையின் பதிவு போகும். அந்தக் கடைக்குப் போய் அட்டையைக் கொடுத்துவிட்டு அவர்கள் எவ்வளவு கழித்தார்கள் என்று பின்னால் நிற்பவர்களிடம் சாட்சி கேட்க முடியாது. வீட்டுக்கு எப்படியும் வாங்கவேண்டிய அரிசி எண்ணெயை அட்டையில் எடுங்கள். அதற்கு வைத்திருந்த கைக்காசு முழு 100ஆக வாடகைக்கு மிஞ்சும், 80 ஆகாது.

எனக்கு 26, மனைவிக்கு 23. 2023இல் கோயிலில் கல்யாணம். பதிவு செய்ய நேரமே வாய்க்கவில்லை. இருவரும் தனித்தனியாக பூஜாங் (மணமாகாதவர்) என்று எஸ்.டி.ஆர். போட்டிருக்கிறோம். இப்போது அவள் ஆறு மாதக் கர்ப்பிணி. குடும்பப் பிரிவுக்கு மாற்ற முயன்றால் திருமணப் பதிவு எண் கேட்கிறது. தாலி கட்டிய படம் போதாதா?
– வாசகர், செந்தூல்

இந்த மாதிரிக் கடிதம்தான் எங்களுக்கு அதிகம் வருகிறது. அதனால் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

படம் போதாது. 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் 1982 மார்ச் 1இல் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் பதிவானால்தான் அது சட்டப்படி திருமணம். அக்கினி சாட்சியும் ஊர் சாட்சியும் நமக்குப் பெரிது. ஆனால் அரசாங்கப் பதிவேட்டில் நீங்கள் இருவரும் இன்னும் தனி ஆட்கள். எஸ்.டி.ஆர்., மாதாந்திர சாரா, பள்ளி உதவி, பி.டி.பி.டி.என். கல்விக் கடன் என எல்லாமே அந்த ஏட்டைப் பார்த்துத்தான் நகர்கின்றன.

உங்களுக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது, அது போதும். இருவரும் மைகார்டோடு தேசியப் பதிவிலாகாவுக்குப் போய்த் திருமண விண்ணப்பம் கொடுங்கள். அறிவிப்பு 21 நாள் ஒட்டப்பட்டிருக்கும். ஆட்சேபம் இல்லையென்றால் அதற்குப் பிறகு பதிவு. அறிவிப்புக் கொடுத்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் பதிவு முடிய வேண்டும், தவறினால் மறுபடி முதலிலிருந்து. இரண்டு சாட்சிகள் தேவை. ஒருவர் 21 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் சம்மதமும் வேண்டும். உங்களுக்கு அது தேவையில்லை. சில கோயில்களில் துணைப் பதிவாளராக நியமனம் பெற்றவர்கள் இருக்கிறார்கள், அங்கேயும் செய்யலாம். ஆனால் அந்த 21 நாளை எந்தக் கோயிலும் குறைக்க முடியாது.

குழந்தை பிறக்குமுன் இதை முடித்துவிடுங்கள் என்று நாங்கள் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. பதிவில்லாத பெற்றோருக்குப் பிறக்கும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயர் தானாக ஏறாது. தாயும் தந்தையும் சேர்ந்து கேட்டால்தான் ஏறும். தாய் மலேசியக் குடிமகளாக இல்லாவிட்டால் குழந்தையின் குடியுரிமையே சிக்கலாகிவிடும். பின்னால் திருமணத்தைப் பதிந்தால் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குழந்தையை முறைப்படுத்த வழி இருக்கிறது, ஆனாலும் அலைச்சல் அதிகம். ஏற்கெனவே அப்படிப் பிறந்துவிட்ட குழந்தையின் பெற்றோர் இதைப் படித்தால் தயங்காமல் போய்க் கேளுங்கள். கவுண்டரில் இருப்பவர்களுக்கு இது தினமும் வரும் விஷயம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

பதிவு முடிந்ததும் செய்யவேண்டியது: உங்களில் ஒருவர் மட்டும் குடும்பத் தலைவராக எஸ்.டி.ஆர். பக்கத்தில் விவரத்தைப் புதுப்பியுங்கள். துணைவரின் அடையாள அட்டை எண், திருமணச் சான்றிதழ், இருவரின் மொத்த மாத வருமானம் ஆகியவை தேவை. இருவரின் வருமானமும் சேர்ந்து 5,000 ரிங்கிட்டுக்குள் இருந்தால் குடும்பப் பிரிவு, 2,500க்குள் இருந்தால் அதில் தொகை கூடுதல். பூஜாங் பிரிவில் இருவரும் அப்படியே நீடிப்பது தவறான தகவல் கொடுத்ததாகிவிடும், அதை விட்டுவிடுங்கள். குழந்தை பிறந்ததும் தீபகற்பத்தில் 60 நாளுக்குள் பிறப்பைப் பதியுங்கள், அந்தச் சான்றிதழ் எண்ணோடு மறுபடி ஒரு முறை புதுப்பியுங்கள். பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப எஸ்.டி.ஆர். தொகை மாறும்.

இணையத்தில் தடுமாறினால் நேரில் உள்நாட்டு வருமான வரி வாரிய அலுவலகத்துக்குப் போகலாம். கோலாலம்பூரில் புடு சென்ட்ரல், பினாங்கில் கொம்தார் இரண்டிலும் பல இலாகாக்களின் கவுண்டர்கள் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. வங்கிக் கணக்கு விண்ணப்பித்தவரின் பெயரில், உயிரோடு இருக்கும் கணக்காக இருக்க வேண்டும். மூன்று வருடமாகத் தொடாத கணக்கைக் கொடுத்துவிட்டு, அங்கீகாரம் வந்தும் பணம் வரவில்லை என்று எழுதுபவர்கள் பலர். கணக்கே இல்லாதவர்களுக்கு பி.எஸ்.என். வங்கி வழியாக ரொக்கமாகத் தருகிறார்கள்.

என் மகளுக்கு 2 வயது. எடை 8.8 கிலோ. பார்ப்பவர்கள் ‘அப்பனைப் போல ஒல்லி’ என்கிறார்கள். கணவர் லாரி அட்டெண்டர், நான் வேலைக்குப் போவதில்லை. பால்மாவு விலை தாங்காமல் டின் பால் கரைத்துக் கொடுக்கிறேன். அரசாங்கத்தில் குழந்தைக்குப் பால் கொடுப்பார்களா?
– தாயார், பட்டர்வொர்த்

கொடுப்பார்கள் அம்மா. இந்த வாரமே நீங்கள் போக வேண்டும்.

இரண்டு வயதுப் பெண் குழந்தையின் நடுத்தர எடை 11.5 கிலோ. 9 கிலோவுக்குக் கீழே போனால் எடைக்குறைவு என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். ஆண் குழந்தைக்கு அந்தக் கோடு 9.7 கிலோ. உங்கள் மகள் கோட்டுக்குக் கீழே இருக்கிறாள். ஒல்லி உடம்பு என்று சொல்லி ஆற்றிக்கொள்ளும் இடமில்லை இது. கோலாலம்பூர் வட்டார மலிவு அடுக்குமாடிகளில் 2018இல் யுனிசெஃப் பார்த்தபோது ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமில்லாமலும், 15 விழுக்காட்டினர் எடை குறைந்தும் இருந்தார்கள். பக்கத்து வீட்டுக் குழந்தையும் அதே மாதிரி இருப்பதால் நமக்கு அது இயல்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

அரசு தாய்சேய் கிளினிக்குக்குக் குழந்தையின் பதிவுப் புத்தகத்தோடு போங்கள். சுகாதார அமைச்சு 1989 முதல் நடத்தும் சத்துக்குறைவு மீட்புத் திட்டம் ஒன்று இருக்கிறது. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை, எடை குறைந்த, ஏழைக் குடும்பத்துக் குழந்தைகளுக்கானது. அரிசி, மாவு, பிஸ்கட், நெத்திலி, பச்சைப்பயறு, பால்மாவு போன்றவை அடங்கிய உணவுக் கூடை மாதாமாதம் கிடைக்கும். அதற்குள் வராதவர்களுக்கும், எடை கூடாத கர்ப்பிணிகளுக்கும் முழுக் கொழுப்புப் பால்மாவு தரும் ஏற்பாடு தனியாக உண்டு. இதற்கு இணையத்தில் விண்ணப்பம் கிடையாது. தாதிதான் எடையையும் உயரத்தையும் அளந்து, வருமானத்தைக் கேட்டுப் பரிந்துரைக்க வேண்டும். கணவரின் சம்பளச் சீட்டு, இல்லையென்றால் முதலாளியின் கடிதம், இருவரின் மைகார்ட், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் நகல் எல்லாம் எடுத்துச் செல்லுங்கள். “எடை குறைவு, பாக்குல் மக்கானான் (உணவுக் கூடை) திட்டத்துக்குத் தகுதியா பாருங்கள்” என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காவிட்டால் கூட்டத்தில் ஊசியைப் போட்டு அனுப்பிவிடுவார்கள்.

கூடை கிடைப்பது பலருக்கு இரண்டு மூன்று மாதத்தில் நின்றுவிடுகிறது. காரணம், மாதாந்திர எடை பார்க்கும் நாளுக்கு வராமல் போவதுதான். எடை தேறும் வரை அந்த நாளைத் தவறவிடாதீர்கள். கூடை அந்தக் குழந்தைக்கென்று வருவது. வீட்டில் ஐந்து பேர் பங்கிட்டால் அவளுக்கு ஒன்றும் மிஞ்சாது. அவளுடைய பால்மாவையும் நெத்திலியையும் தனி டப்பாவில் வையுங்கள்.

டின் பாலை இன்றே நிறுத்துங்கள். அது டீக்கு. அதில் பாதிக்குக் கிட்ட சர்க்கரைதான். பல டின்களில் இருப்பது முழுப் பால் அல்ல, செம்பனை எண்ணெய் சேர்த்த கிரீமர். வயிறு நிறைந்துவிடுவதால் குழந்தை சோற்றைத் தள்ளும், எடை ஏறாது, பல்லும் கெடும். அதற்குப் பதிலாகக் கஞ்சியில் சத்தை ஏற்றுங்கள். ஒரு கிண்ணம் குழைந்த சோற்றில் பொடித்த நெத்திலி ஒரு மேசைக்கரண்டி, வெந்த பருப்பு இரண்டு மேசைக்கரண்டி, சமையல் எண்ணெய் ஒரு தேக்கரண்டி, மசித்த கீரை. ஒரு நாளைக்கு ஒரு முட்டை, முழுக்க வெந்தது. நெத்திலியை முதலில் வெந்நீரில் ஊறவைத்துக் கழுவினால் உப்பு இறங்கும். இரண்டு வயதுக் குழந்தையின் வயிறு சின்னது. மூன்று வேளையாக ஊட்டாமல் ஐந்து முறையாகக் கொடுங்கள். பால் சாப்பாட்டுக்குப் பிறகுதான், முன்னால் வேண்டாம்.

கணவர் பிரிந்துபோய்விட்டார். 4 வயதும் 8 வயதும் இரண்டு பிள்ளைகள். துப்புரவு வேலை, மாதம் 1,700. பி.பி.ஆர். எனும் மலிவு வாடகை அடுக்குமாடி வீடு. வெல்ஃபேர் பணம் கிடைக்குமா?
– வாசகி, கோலாலம்பூர்

முயன்று பார்க்கவேண்டிய நிலைதான் உங்களுடையது. சமூக நல இலாகாவின் குழந்தைகள் உதவித் திட்டத்தில் 6 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைக்கு மாதத் தொகை கூடுதல், 7 முதல் 18 வரை சற்றுக் குறைவு, ஒரு குடும்பத்துக்கு அதிகபட்சம் 1,000 ரிங்கிட். உங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் வர வாய்ப்பிருக்கிறது. குடும்ப வருமானம் ஏழ்மைக் கோட்டுக்குக் கீழ் இருக்க வேண்டும். 2022 கணக்கின்படி நாட்டுச் சராசரிக் கோடு மாதம் 2,589 ரிங்கிட்.

நீங்கள் குடியிருக்கும் பகுதிக்கான நல அலுவலகத்தில் பாரம் வாங்குங்கள். அதிகாரி வீட்டுக்கு வந்து பார்ப்பார், அதன் பிறகுதான் முடிவு. மைகார்டில் உள்ள முகவரி ஓரிடம், நீங்கள் குடியிருப்பது வேறிடம் என்றால் கோப்பு ஓர் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு அலைந்துகொண்டிருக்கும். முதலில் முகவரியை மாற்றுங்கள். விவாகரத்து ஆகவில்லை என்றால் கணவர் வருமானத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள். அவர் பிரிந்துபோனது, பணம் தருவதில்லை என்று போலீஸ் ரிப்போர்ட் ஒன்றும், குடியிருப்புச் சங்கத் தலைவரின் கடிதமும் வைத்திருங்கள். போன் எண் மாறினால் அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். அதிகாரி கூப்பிட்ட நேரத்தில் கிடைக்காமல் நின்றுபோன விண்ணப்பங்கள் ஏராளம்.

அதே மூச்சில் இ-காசேயிலும் பதியுங்கள். வெல்ஃபேர் வேறு, இ-காசே வேறு. ஒன்றில் இருந்தால் மற்றதில் தானாக ஏறிவிடும் என்று நினைத்திருந்து ஏமாறாதீர்கள். 2025இல் எஸ்.டி.ஆரும் சாராவும் சேர்ந்து அதிகபட்சம் 4,600 ரிங்கிட் வரை போனது இ-காசே குடும்பங்களுக்குத்தான்.

உங்கள் எட்டு வயதுப் பிள்ளைக்குப் பள்ளியில் கூடுதல் உணவுத் திட்டமும் கிடைக்க வேண்டும். ஆர்.எம்.டி. என்பார்கள், 1979 முதல் நடக்கிறது. தமிழ்ப்பள்ளிகளிலும் உண்டு. தீபகற்பத்தில் ஒரு மாணவருக்கு நாளுக்கு 4 ரிங்கிட் ஒதுக்கீடு. வகுப்பாசிரியரிடம் வருமான விவரத்தைப் புதுப்பித்துக் கொடுங்கள். முதலாம் ஆண்டில் சேர்த்தபோது கணவரின் சம்பளத்தையும் எழுதியிருப்பீர்கள், அந்த எண் இன்னும் அப்படியே நிற்கும். பிள்ளை ‘இலவசச் சாப்பாடு’ வரிசையில் நிற்கக் கூச்சப்படுகிறது என்றால் ஆசிரியரிடம் தனியாகச் சொல்லுங்கள். நல்ல ஆசிரியர்கள் அதைப் பக்குவமாகப் பார்த்துக்கொள்வார்கள்.

மகளுக்கு அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. பி.டி.பி.டி.என். பணம் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்கிறார்கள். அதுவரை சாப்பாட்டுக்கு என்ன செய்வது?
– தந்தை, புக்கிட் மெர்தாஜாம்

அந்த முதல் மாதம்தான் பிள்ளைகள் பட்டினி கிடக்கும் மாதம். அதற்காகவே முன்பணக் கடன் ஒன்று இருக்கிறது, அதிகபட்சம் 1,500 ரிங்கிட். பிற்பாடு வரும் கடன் பணத்தில் அதைக் கழித்துக்கொள்வார்கள், இனாம் அல்ல. இடம் கிடைத்த கடிதம் வந்தவுடனே விண்ணப்பியுங்கள், பதிவு நாளுக்குப் பிறகு ஓடினால் பயன் குறைவு. கடனுக்கு விண்ணப்பிக்குமுன் மகள் பெயரில் எஸ்.எஸ்.பி.என். சேமிப்புக் கணக்கு இருக்க வேண்டும். ஒப்பந்தப் பாரத்தில் கையெழுத்தும் வங்கி எண்ணும் சரியாக இருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். ஓர் எண் பிசகினாலும் பணம் திரும்பிப் போகும்.

இன்னொன்று. நீங்கள் எஸ்.டி.ஆர். பெறுபவரா? பெறும் குடும்பத்துப் பிள்ளைக்குக் கடன் முழு அளவில் கிடைக்கும். பெறாமல், வருமானம் 8,000 ரிங்கிட்டுக்குள் என்றால் 75 விழுக்காடு. அதற்கு மேல் என்றால் 50. தகுதி இருந்தும் “அந்தச் சில நூறு வெள்ளிக்கு யார் அலைவது” என்று எஸ்.டி.ஆர். போடாத தந்தையால், மகளின் சாப்பாட்டுக் காசில் கால் பங்கு குறைகிறது. இதுவரை போடாவிட்டால் இப்போது போடுங்கள்.

வளாகத்தில் மாணவர் நலப் பிரிவு இருக்கும், எச்.இ.பி. என்பார்கள். உணவு வங்கி அலமாரி, அவசர நிதி, மாணவர் விலையில் சாப்பாடு எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் தெரியவரும். மாணவர் அட்டையோடு போய், “இந்த வாரம் சாப்பாட்டுக்குக் காசில்லை” என்று நேராகச் சொல்லச் சொல்லுங்கள். சுற்றி வளைத்துப் பேசினால் அவர்கள் கல்விக் கடன் பாரத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

மெனு ரஹ்மா 5 ரிங்கிட் என்றார்களே, நான் போகும் கடையில் இல்லை என்கிறார்கள். புகார் செய்யலாமா?
– மாணவர், பிரிக்ஃபீல்ட்ஸ்

அது கட்டாயமில்லை. 2023 ஜனவரி 31இல், அப்போது உள்நாட்டு வாணிப அமைச்சராக இருந்த மறைந்த சலாஹுடின் அயூப் தொடங்கிய திட்டம். கடைக்காரர்கள் தாமாக முன்வந்து, 5 ரிங்கிட்டுக்குள் சோறு, கறி அல்லது மீன் அல்லது முட்டை, காய் என்று ஒரு தட்டு தருவது. சில கடைகளில் பகலில் மட்டும், அதுவும் குறிப்பிட்ட அளவே சமைக்கிறார்கள். இரண்டு மணிக்கு மேல் போனால் தீர்ந்திருக்கும். பலகையை மாட்டிவிட்டு அந்த விலைக்குத் தராவிட்டால் அமைச்சிடம் சொல்லலாம். பலகையே இல்லாத கடையை ஒன்றும் செய்ய முடியாது.

தமிழ் முஸ்லிம் மாணவர் நான். ஊர் பினாங்கு, படிப்பது கோலாலம்பூர். ஜகாத் உதவியை எங்கே கேட்பது?
– மாணவர், லெம்பா பந்தாய்

ஜகாத் மாநிலத்துக்கு மாநிலம் தனி நிர்வாகம். பல்கலைக்கழகத்தில் ஜகாத் பிரிவு இருந்தால் முதலில் அங்கே. சாப்பாடு, தங்குமிடம் போன்ற உடனடித் தேவைக்கு அதுதான் விரைவு. பெரிய கல்வி உதவிக்குப் பெற்றோர் குடியிருக்கும் மாநிலமான பினாங்கு ஜகாத் அலுவலகத்தில் கேளுங்கள். பெற்றோரின் சம்பள விவரம், வீட்டில் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்ற பட்டியல், கல்லூரி உறுதிக் கடிதம், இந்தப் பருவத்துக்கான கட்டண ரசீது ஆகிய நான்கையும் ஒரே கோப்பில் வையுங்கள். இங்கேயும் அங்கேயும் விண்ணப்பித்தால் இரண்டு பாரத்திலும் அதை மறைக்காமல் எழுதுங்கள்.